மக்காத சத்தம்

கல்யாணமாகி வேப்பம்பட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த இருபத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு ஜெபமாலையைக்கூட நான் இடையில் அறுபடாமல் சொல்லி முடித்ததில்லை. ஐம்பத்து மூன்று மணி, நிதானமாகச் சொன்னாலும் இருபது நிமிஷம், அவ்வளவுதான். ஆனால் முதல் பத்து முடிந்து இரண்டாவது பத்தில் விரல் போய் நிற்கும்போதே 'அமலா, என் கண்ணாடி எங்க?' என்று ஒரு சத்தம் வரும், எழுந்துபோய் அவர் நெற்றியிலேயே ஏறியிருக்கிற கண்ணாடியைக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் 'ம்மா, என் நீலச் சட்டை' என்று ஒன்று வரும், அதன் பின்னால் குக்கர் வரும், தண்ணீர் லாரி வரும், வாசலில் கேஸ்காரர் வருவார், மகன் கல்யாணத்துக்குப் பிறகு 'அத்தை' என்று புதுசாக ஒரு சத்தமும் வந்து சேர்ந்துகொண்டது. என் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபமாலை நடுவில் அறுந்தால் விட்ட மணியில் தொடரக் கூடாது, முதல் மணிக்கே திரும்பி வர வேண்டும். அப்படித் திரும்பித் திரும்பி வந்தே என் மாலையில் முதல் பத்து மணியும் பளபளவென்று தேய்ந்துபோய், கடைசிப் பத்து வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே புதுசாகக் கிடந்தது.

என் பெயர் அமலோற்பவம். அம்பத்தூரில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டையைப் புரட்டி, தையல் எங்கே தப்பியிருக்கிறது, நூல் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. காலையில் ஏழு இருபத்தெட்டு வண்டியில் லேடீஸ் பெட்டி, சாயங்காலம் அதே மாதிரி. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண்ணிடம் 'தலையில என்னம்மா இது, காதுக்குக் குல்லா மாதிரி' என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே கழற்றி என் தலையில் மாட்டி ஒரு சுவிட்சை அழுத்தினாள். வண்டி ஆடிக்கொண்டிருந்தது, ஜன்னலில் மரம் ஓடிக்கொண்டிருந்தது, எதிரில் தினமும் கூட வருகிற தேவகியின் வாய் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தம் என்கிற ஒன்றே இல்லை. என் மூச்சு மட்டும் எனக்குள் போய்விட்டு வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய், 'ஆன்ட்டி, டைட்டா இருக்கா?' என்றாள்.

அடுத்த வாரமே மாசாமாசம் கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்தேன். என்னத்துக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை.

அம்பத்தூரில் ஒரு பெரிய கடை, சுவர் முழுக்க டிவி. ஷகிலா என்று சட்டையில் பெயர் குத்தின பெண்தான் என்னைக் கவனித்தாள். நாலு ஹெட்போனைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வெல்வெட் துணிமேல் வைத்தாள், புடவைக் கடையில் பட்டை விரிக்கிற மாதிரி.

'எந்தப் பாட்டு வைக்கட்டும்க்கா?'

'பாட்டு வேணாம்மா. அந்த டிவி எல்லாத்தையும் முழு சத்தத்துல வைக்கச் சொல்லு.'

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், ஆனால் வைத்தாள். ஒன்றில் கிரிக்கெட், ஒன்றில் சீரியல் மாமியார், ஒன்றில் நாலு பேர் உட்கார்ந்து நாட்டைப் பற்றிச் சண்டை. அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு ஹெட்போனுக்கும் ஒரு பத்து மணி என்று வைத்துக்கொண்டேன். முதலாவதின் காது மெத்தையைப் புரட்டியதுமே கீழே வைத்துவிட்டேன். மூலையில் நூல் நீட்டிக்கொண்டு, தையல் கோணிக்கொண்டு இருந்தது, எங்கள் கம்பெனியில் அந்தத் தையலைப் பெட்டியில் போடவே விடமாட்டோம். இரண்டாவது சத்தத்தை அடக்கியது, ஆனால் தானே உஸ்ஸென்று ஒரு சத்தம் போட்டது, பக்கத்தில் யாரோ ஓயாமல் கீரை அலசுகிற மாதிரி. மூன்றாவது கனம், அதை மாட்டிக்கொண்டு பட்டாபிராம் தாண்டுவதற்குள் கழுத்து இறங்கிவிடும். நாலாவதைப் போட்டதும் மாமியார் வாயை மூடிக்கொண்டாள், கிரிக்கெட் மூடிக்கொண்டது, நாடு அமைதியாயிற்று. என் உதட்டில் ஓடுகிற மந்திரம் என் எலும்புக்குள் கேட்டது.

'இருந்தாலும் ஒரு தடவை பாட்டும் கேட்டுப் பாருங்கக்கா, இல்லன்னா என் மனசு கேக்காது' என்று ஷகிலா ஒரு வயலினை வைத்தாள். வில் கம்பியில் படுவதற்கு முன்னால் வாசிக்கிறவர் மூச்சை இழுப்பது கேட்டது. அந்த மனுஷர் மூக்கடைப்போடு வந்து வாசித்திருக்கிறார் என்பதுவரை தெரிந்தது.

ஒரே ஒரு தொந்தரவு. என் ஏழு கல் தோட்டின் திருகு, மெத்தைக்கும் தலைக்கும் நடுவில் மாட்டி, காதுக்குப் பின்னால் குத்தியது. மூன்று தடவை தள்ளிப் பார்த்தேன், குத்தத்தான் செய்தது. அங்கேயே, அத்தனை டிவிக்கும் முன்னால், இரண்டு தோட்டையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

'பத்து நாளுக்குள்ள ஏதாவது குறைன்னா பில்லோட, பெட்டியோட வாங்கக்கா' என்றாள் ஷகிலா. 'யார் உபயோகிக்கிறாங்களோ அவங்களே வந்து குறையை எழுதிக் கையெழுத்துப் போடணும். பதினோராம் நாள் நாங்க தொட மாட்டோம்.'

அன்று சாயங்காலம் ஆறரைக்கு மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, ஹெட்போனை மாட்டி, முதல் மணியைப் பிடித்தேன். ஒரு பத்து போயிற்று. இரண்டாவது பத்தில் ஐந்தாவது மணியில் இருக்கும்போது என் வலது தோளில் என்னவோ உதிர்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில், தவிடு மாதிரி, கொஞ்சம் சொரசொரப்பாக. தட்டிவிட்டேன். மறுபடி உதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் தனிஸ்லாஸ் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார். அவர் அசைக்க அசைக்க, காது மெத்தைக்கு ஒரு சாண் தூரத்திலேயே அவர் சத்தம் நின்று, தவிடாகி, என் தோளில் கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்துவந்தார், குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தார், என்ன தோன்றியதோ காதருகே கொண்டுபோனார். முகம் மாறியது. என் தோளைத் தட்டினார். கழற்றினேன்.

'இது நான் ரிமோட் எங்கன்னு கேட்டது.'

'இருக்கும்.'

'கீழ கெடக்குது.'

'கூட்டிர்றேன்ங்க.'

'கூட்டுறது இருக்கட்டும், பதில் எங்க?'

ரிமோட் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே கிடந்தது. எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு முதல் மணிக்கு வந்தேன்.

அப்படித்தான் அது தொடங்கியது. என் காதுக்கு வருகிற சத்தம் உள்ளே விடப்படாமல் வெளியே கொட்டியது, கொட்டினதைக் காதில் வைத்துக் கேட்டாலோ காலில் மிதித்தாலோ சொன்னவர் குரலிலேயே மறுபடி சொன்னது. டிவி கரகரவென்று ஆற்று மணல் மாதிரி கொட்டியது. மருமகள் ஜெனிட்டாவின் பேச்சு சீரகம் மாதிரி பொடிசு. மகன் பிரிட்டோவினுடையது குருணை. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு முறம் நிறைய அள்ளினேன், மூன்றாம் நாள் ஒன்றரை முறம். எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் தாண்டிப் போனார்கள், ஆனால் தாண்டும்போது ஒருத்தரும் கால் வைக்கவில்லை.

வண்டியிலும் கொட்டியது. தண்டவாளச் சத்தம் இரும்புத் தூளாக விழுந்து என் செருப்பில் ஒட்டிக்கொண்டது. லேடீஸ் பெட்டிக்காரிகள் அரை நாளில் பழகிக்கொண்டார்கள். எங்கள் பெட்டியில் பழகாதது என்று ஒன்று உண்டா, மீன் கூடைக்குப் பழகினோம், மழை ஒழுகலுக்குப் பழகினோம், இதற்கு என்ன. ரஹமத் அக்கா மட்டும், 'அமலா, ஒரு பழைய துப்பட்டா தரேன், மடியில விரிச்சுக்க, புடவை வீணாகுது' என்றாள். அந்தத் துப்பட்டாவில் விழுந்ததை ஒவ்வொருத்தியாக வந்து பொறுக்கி, இது என்னது, இது உன்னது என்று பிரிக்கத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற தேவகி தன் மாமியாரைப் பற்றித் தினமும் பேசுவாள். அவளுடையது மட்டும் துப்பட்டாவில் பாதி இருந்தது. ஒரு கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டவள் ஆவடி வரும்வரைக்கும் எடுக்கவில்லை.

'அக்கா, எட்டு வருஷமா இதையேதான் சொல்றேனா?'

'இதையேதான்' என்றாள் ரஹமத் அக்கா.

'எவ்ளோ நல்லா சொல்லியிருக்கேன்! இதைச் சொல்ல வேண்டிய ஆளுகிட்ட சொல்லாம உங்ககிட்ட எதுக்குச் சொல்லிட்டிருந்தேன்?' என்று ஒரு கேரி பேக்கில் அள்ளிக்கொண்டு போனாள். அன்றைக்கே மாமியார் கட்டிலுக்குக் கீழே கொட்டி, மாமியார் கால் வைத்து இறங்கினதும் எட்டு வருஷமும் ஒரே மூச்சில் கேட்டதாம். மறுநாள் தேவகி சாப்பாட்டு டப்பாவில் மாமியார் செய்த வடகறி இருந்தது.

கொய்யா விற்கிற கோகிலாவுக்குத்தான் முதலில் கோபம். 'நான் தொண்டை கிழியக் கத்துறேன், அது பச்சையா உன் மடியில கெடக்குது, என் யாவாரம் என்னாவறது' என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். துப்பட்டாவை அவளிடமே உதறிக் கொடுத்தேன். அவள் மூளை அவளுக்கு. அடுத்த நாளிலிருந்து காலையில் ஏறினதும் அந்தப் பச்சைத் தூளைப் பெட்டி நெடுக நடைவழியில் தூவிவிட்டு ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். ஏறுகிறவள் இறங்குகிறவள் மிதிக்க மிதிக்க, கொய்யா கொய்யா என்று பெட்டியே கூவியது, அவள் வெற்றிலை போட்டுக்கொண்டு பழத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். 'பதினாறு வருஷத்துல என் தொண்டைக்கு இப்பதான் லீவு' என்று எனக்கு ஒரு பழம் சும்மா கொடுத்தாள்.

எல்லாம் சரி, மாலைதான் முடியவில்லை. வண்டியில் மூன்றாம் பத்து வரும்போது யாராவது தொடையைத் தட்டி, 'இது என்னுதான்னு பாருக்கா' என்பார்கள். வீட்டில் வாயால் கூப்பிட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் தோளைத் தட்டினார்கள், லைட்டை அணைத்து அணைத்துப் போட்டார்கள், ஒரு நாள் பிரிட்டோ தலையணையை விட்டெறிந்தான். ஐந்தாம் நாள் முப்பத்தியெட்டாவது மணிவரை போனேன். அதற்கு முன் நான் அவ்வளவு தூரம் போனதே இல்லை, புது ஊருக்குப் போன மாதிரி இருந்தது. அங்கே நிற்கும்போது ஜெனிட்டா கண்ணுக்கு முன்னால் பால் பாத்திரத்தை ஆட்டினாள், அடிப்பிடித்துக் கறுப்பாக.

'பொங்குது பொங்குதுன்னு எத்தனை வாட்டி கத்தினேன் அத்தை.'

'அடுப்பு உன் பக்கத்துலதானேம்மா இருந்தது?'

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை. அவள் பிறந்த வீட்டிலும் கூப்பிட்டதும் ஓடிவர ஒரு அம்மா இருந்திருப்பாள்.

அள்ளினதை எங்கே போடுவது என்பது ஒரு பிரச்சினையாக வளர்ந்தது. தெருவுக்கு வருகிற குப்பை வண்டிக்காரி சின்னப்பொண்ணு பச்சைக் கூடையையும் நீலக் கூடையையும் காட்டி, 'இது மக்குற குப்பையா, மக்காத குப்பையாம்மா? பிரிச்சுக் குடுக்காட்டி நான் வாங்க மாட்டேன்' என்று வாளியைத் திருப்பிவிட்டாள். தெருவே கூடிப் பேசியது. தவிடு மாதிரிதானே இருக்கிறது, மக்கும் என்றார்கள் ஒரு பக்கம். மணல் மாதிரியும் இருக்கிறதே என்றார்கள் இன்னொரு பக்கம். ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் வாழை மரத்தடியில் ஒரு பிடி புதைத்து மூன்று நாள் பார்க்கலாம் என்றார். சின்னப்பொண்ணு என்னையே பார்த்தாள்.

'மக்காது' என்றேன். 'இருபத்தொம்பது வருஷம் என் காதுக்குள்ள கெடந்துச்சே, மக்குச்சா?'

நீலக் கூடையில் வாங்கிக்கொண்டாள். ஆனால் வண்டி மேடு பள்ளத்தில் குலுங்கும்போது கூடைக்குள்ளிருந்து எங்கள் வீட்டுக் குரல்கள் வெளியே வந்தன. 'சோத்துல உப்பு இல்ல' என்று என் வீட்டுக்காரர் நாலாவது தெரு முனையில் கத்தினார். 'உங்கம்மாவுக்கு எதுவும் தெரியாது' என்று ஜெனிட்டா ரேஷன் கடை வாசலில் சொன்னாள். 'நீ சும்மா இரும்மா, உனக்கு என்ன தெரியும்' என்று பிரிட்டோ ஸ்டேஷன் ரோடு முழுக்க, டீக்கடை, சலூன், அவன் சிநேகிதர்கள் நிற்கிற மொபைல் கடை எல்லாம் கேட்கச் சொல்லிக்கொண்டே போனான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் ஷூவைக் கழற்றவில்லை. ஹெட்போன் பெட்டியை மேஜைமேல் வைத்தான்.

'ஞாயித்துக்கிழமை பத்தாம் நாள். திருப்பிக் குடுத்துர்றோம்.'

'எதுக்குப்பா?'

'எதுக்கா? நம்ம வீட்டு மானம் குப்பை வண்டில ஊர்வலம் போகுது. பேசறது உனக்கு வேணாம்னா காதைப் பொத்திக்கோ, வெளிய ஏன் கொட்டுற?'

'நான் பேசலையே. பேசினது நீங்க. நான் கூட்டி அள்ளினேன்.'

'சரி, நாளைக்கு அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டார்னா? கூப்பிட்டா உனக்குக் கேக்குமா?'

'விழுந்தா தரை அதிரும், என் காலுக்குத் தெரியும். அதுக்கு மேல உனக்கு ரெண்டு காது இருக்கு, உன் பெண்டாட்டிக்கு ரெண்டு இருக்கு. வீட்டுல எட்டுக் காது இருக்குப்பா. என்னுது ரெண்டை இருபது நிமிஷம் கழிச்சாலும் ஆறு பாக்கி.'

என் வாயிலிருந்து இது வந்தது எனக்கே புதுசு. குரலை உயர்த்தவில்லை, குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

மறுநாள் என் நாத்தனார் அருள்மேரி திருவள்ளூரிலிருந்து வந்து இறங்கினாள். அவளுக்குச் சத்தம் கொட்டுவதுகூட அவ்வளவு பெரிதாகப் படவில்லை, என் காதைப் பார்த்ததும்தான் நெஞ்சில் கை வைத்தாள். 'மூளிக் காதோட நிக்கிறியே அமலா! என் தம்பி குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கான்!'

'திருகு குத்துது அண்ணி.'

'குத்தினா குத்தட்டும், நாங்க எல்லாம் குத்தாமயா போட்டிருக்கோம்?'

தோட்டை அவளே மாட்டிவிட்டாள். அதோடு விடாமல் பங்குச் சாமியாரையும் கூட்டிவந்தாள். அவர் நல்ல மனுஷர், வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, முறத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கேட்டார்.

'இது என் குரல்மாதிரி இருக்கே?'

'ஆமா சாமி. போன ஞாயிறு கோயில்லருந்து என் புடவைல ஒட்டிக்கிட்டு வந்தது.'

'என் பிரசங்கத்தையாம்மா கொட்டிட்ட?'

'ஐயோ, பிரசங்கத்துக்குக் கழட்டிட்டேன் சாமி. அதுக்கப்புறம் அறிவிப்பு படிச்சீங்களே, அரை மணி நேரம், அப்பதான் மாட்டினேன்.'

சாமியார் சிட்டிகையை முறத்திலேயே திருப்பிப் போட்டார். இது பாவத்தில் சேராது, புதுமை என்று சொல்கிற அற்புதத்திலும் சேராது, பீடத்துக்குப் பக்கத்தில் மட்டும் கொட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். போகும்போது வாசலில் நின்று மெதுவாக, 'என்ன மாடல்மா அது?' என்று கேட்டார். அன்றைக்கே திருச்சியிலிருந்து போன் பண்ணின என் மகள் ஷெர்லினும் அதையேதான் கேட்டாள். அவளுக்கு ஒரு பிள்ளை இடுப்பில், ஒன்று பள்ளிக்கூடத்தில்.

ஆனால் வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக நின்றார்கள். எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் யாரும் என்னோடு பேசவில்லை. எதற்குத் தரையில் விழ வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு கையால் பேசினார்கள். நானும் ஜெபமாலையை எடுக்கவில்லை. அந்த இரண்டு ராவும் நான் மாதாவிடம் தர்க்கம் பண்ணினேன். ஒரு பிள்ளையைப் பெற்ற உங்களுக்கே மாலையில் ஐம்பத்து மூன்று மணி இருக்கிறது, இரண்டு பிள்ளையைப் பெற்ற எனக்கு அதைச் சொல்ல இருபது நிமிஷம் கிடையாதா, நான் என்ன தங்கமா கேட்டேன், வைரமா கேட்டேன் என்று கேட்டேன். அவர்கள் பதில் சொல்லவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

ஞாயிறு சாயங்காலம் ஏழேகால் மணிக்குக் கடையில் நின்றோம். நான், என் வீட்டுக்காரர், பிரிட்டோ, ஜெனிட்டா, நாத்தனார். திருப்பி வாங்குகிற கவுன்டர் ஏழரைக்கு மூடிவிடும் என்று எழுதி ஒட்டியிருந்தது. பிரிட்டோ பெட்டியையும் பில்லையும் வைத்தான். ஷகிலா ஒரு தாளை எடுத்தாள்.

'என்ன குறைன்னு எழுதணும்க்கா?'

'சத்தம் கொட்டுது' என்றான் பிரிட்டோ.

'உள்ள வருதா சார்?'

'உள்ள வரலை. வெளிய கொட்டுது.'

'உள்ள வராம இருக்கத்தானே சார் வாங்கினீங்க?' என்றவள் என்னைப் பார்த்தாள். 'அக்கா, நீங்கதான் சொல்லணும். உங்க கையெழுத்துதான் செல்லும்.'

பிரிட்டோ பேனாவை என் கையில் திணித்தான். என் வீட்டுக்காரர், 'போட்டுக் குடு அமலா, ஆளுங்க பாக்குறாங்க' என்றார். நாத்தனார் முதுகில் தட்டினாள்.

நான் பேனாவைத் தாள்மேல் வைத்தேன். தோட்டைக் கழற்றினேன், ஒன்று, இரண்டு, அதையும் தாள்மேல் வைத்தேன். பெட்டியைத் திறந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, டிவிக்காரர்கள் காட்சிக்குப் போட்டிருந்த பெரிய சோபாவில் போய்க் காலை மடக்கி உட்கார்ந்து, முதல் மணியைப் பிடித்துக் கண்ணை மூடினேன்.

முதல் பத்து முடிவதற்குள் தோள் இரண்டும் கனத்தன. இரண்டாம் பத்தில் மடி நிறைந்து வழிந்தது. நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் எவ்வளவு விழும் என்று நான் அதுவரை பார்த்ததில்லை. போதாததற்கு அத்தனை டிவியும் கொட்டியது, திருப்பித் தர வந்த வேறு ஆட்களும் என்னம்மா இது என்று தங்கள் பங்குக்குக் கொட்டினார்கள். மூன்றாம் பத்தில் முழங்கால் மறைந்தது. நாத்தனாருடையது கட்டி கட்டியாக, உப்பளத்துக் கல்லுப்பு மாதிரி விழுந்து சுற்றிலும் வரப்பு கட்டியது. தோளைத் தட்ட எப்போதும்போல் பிரிட்டோ வருவான் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு ஒரு கண்ணை லேசாகத் திறந்தேன். வந்தான். குவியலில் ஒரு கால் வைத்தான். அவன் காலுக்குக் கீழிருந்து அவன் குரலே என்ன சொன்னதோ, எனக்குக் கேட்கவில்லை, நெருப்பை மிதித்தவன் மாதிரி காலை எடுத்துக்கொண்டான். இன்னொரு பக்கமாகச் சுற்றிவந்து வைத்தான், அங்கேயும் அவன்தான் இருந்தான். அவன் அப்பா கை நீட்டினார், எட்டவில்லை. எட்டவில்லை என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார், குவியல் இன்னும் ஒரு சாண் உயர்ந்தது, கை இன்னும் ஒரு சாண் தள்ளிப்போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முப்பத்தியெட்டாவது மணியைத் தாண்டினேன். அதற்கு அப்பால் இருந்த மணி ஒவ்வொன்றும் விரலுக்குச் சொரசொரவென்று புதுசாக, யாரும் குடியேறாத வீட்டுக் கதவுமாதிரி இருந்தது. ஒவ்வொன்றாகத் தட்டித் திறந்து, உள்ளே போய், சொல்ல வேண்டியதைச் சொல்லி, கும்பிட்டு, வெளியே வந்து, அடுத்ததைத் தட்டினேன். நாற்பத்தைந்து. ஐம்பது. என் குரல் எனக்கு இவ்வளவு இளசாக இருக்கும் என்று தெரியாது. ஐம்பத்து மூன்று.

கண்ணைத் திறந்தபோது குவியல் என் மார்புவரை இருந்தது. அதற்குமேல் ஒன்றும் விழவில்லை. டிவியெல்லாம் அணைத்திருந்தார்கள், கவுன்டரில் கம்பி வலை இறங்கியிருந்தது, கடிகாரம் ஏழு நாற்பது. ஷகிலா கையில் துடைப்பத்தோடு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றாள். நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள், பேச்சு தீர்ந்துபோய். பிரிட்டோவும் ஜெனிட்டாவும் குவியலுக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு சிட்டிகை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகனின் முகம் தரையைப் பார்த்திருந்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். என் தோடு இரண்டும் அவர் உள்ளங்கையில் இருந்தன. அவர் வாய் திறந்தது, மூடியது, அவர் மறுபடி என் முகத்தைப் பார்த்தார். நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

'முடிஞ்சுதா அமலா?' என்றார், இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக மெதுவாக. 'வீட்டுக்குப் போலாமா?'

'ஜெபமாலைதாங்க முடிஞ்சுது' என்றேன். 'அதுக்கப்புறம் மாதா பிரார்த்தனைன்னு ஒண்ணு இருக்கு, நீளமானது. இதுவரைக்கும் நான் அதன் பக்கமே போனதில்ல. உக்காருங்க.'

சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டேன்.